புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த புரோகிராம்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். "மேடம், புது சிஸ்டம் வருது. உங்க பார்சரைத் தூக்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். அது ஏன் மூணு விதமா பதில் சொல்லுது? புது சிஸ்டம்ல ஏதாவது விட்டுப்போனா அதுவே யூகிச்சு நிரப்பிக்கும். எங்க டீமுக்கு ஒரு நோட் எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றாள்.

தாராளமாகத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். எனக்கும் முட்டி வலி, கண்ணில் புரை. பழைய கதையை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனால் அந்த "யூகிச்சு நிரப்பிக்கும்" என்ற பேச்சு காதிலேயே நின்றது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், போகவில்லை. சரி, தொலையட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வியாசர்பாடி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தேன். அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டர். கணக்கில் பட்டம் வாங்கினேன். பிராட்வேயில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய ஓர் இடத்தில் புரோகிராம் எழுதக் கற்றேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல புரோகிராம் பிரிவுக்கு நகர்ந்தேன். தினமும் கும்மிடிப்பூண்டி ரயில், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு லாரிகளுக்கு நடுவே நடை. சாப்பாட்டு டப்பாவில்கூடப் புழுதி இருக்கும்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யார்டு கேட்டில் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே ஒவ்வொரு கிரேன் கேபினிலும் ஒரு கம்ப்யூட்டர். லாரி உள்ளே வந்ததும் கேட் கம்ப்யூட்டர் கிரேன் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டியைத் தூக்கி இந்த வரிசையில் வை" என்று சொல்லும். தூரத்தில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரிடம் இப்படி ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்கு ரிமோட் கால் என்று பெயர். அந்தச் செய்தி கம்பியில்லாமல், ரேடியோ மோடம் வழியாக எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரமாக வந்து இறங்கும். அதைப் படித்து, இது பெட்டியின் எண், இது வரிசை, இது அடுக்கு என்று பிரித்துக் கொடுப்பது பார்சர். மற்ற புரோகிராம்கள் பார்சரிடம் எப்படிக் கேட்க வேண்டும், பார்சர் என்னென்ன பதில் சொல்லலாம் என்று செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் இன்டர்ஃபேஸ். ஆயிரம் வேலை செய்திருக்கிறேன். உருப்படியாகச் செய்ததாக நான் நினைப்பது அந்த ஒப்பந்தம் ஒன்றைத்தான்.

எங்கள் பிரிவின் தலைவர் குமரகுரு சார். ஒல்லியான மனிதர். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். நேற்றுச் சேர்ந்த பையனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். அந்த மரியாதையைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம். ஏனென்றால் உட்கார வைத்துவிட்டு, எழுதிய புரோகிராம் துண்டைப் பார்க்காமலேயே, "இந்த ஃபங்க்ஷன் என்ன செய்யுதுன்னு தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பார். பாதி சொல்லும்போது நாக்கு தடுமாறும். அவர் ஜன்னல் வழியாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க." தமிழில் சொல்ல வராததை எழுதவும் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதை எதுக்கு சார் தமிழ்ல சொல்லணும்?" என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டேவிட்டேன். "இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்குப் புரியாததும் புரிஞ்ச மாதிரி இருக்குங்க" என்றார். கோபமே வராது அவருக்கு. எனக்குத்தான் வரும்.

வரைவதற்கு வெள்ளைப் பலகை இருந்தது. உப்புக் காற்றோ என்னவோ, அதன் பேனா எப்போதும் காய்ந்தே இருக்கும். அதனால் சார் சாக்பீஸால் இரும்பு அலமாரிக் கதவில் எழுதுவார். அந்தக் கதவைத் துடைத்துத் துடைத்தே எங்கள் புடவைத் தலைப்பெல்லாம் வெளுத்துப் போயிற்று.

இனி சேவியர் அண்ணன். கல்மண்டபத்துக்காரர், யார்டில் மூத்த கிரேன் ஆபரேட்டர். ஞாயிறு காலை ராயபுரம் கோவிலில் பூசை முடித்துவிட்டு அதே வெள்ளைச் சட்டையோடு மதிய ஷிப்டுக்கு வருவார். அவர் பெட்டியை இறக்கினால் சத்தமே கேட்காது. என்னை "இன்னாமா பிரேமா, இன்னிக்கு உன் டிவி ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்பார். கேபினில் இருக்கும் ஸ்கிரீனை அவர் டிவி என்றுதான் சொல்வார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வைத்த முதல் பெட்டி தப்பான வரிசையில் இறங்கியது. அன்று காலை முழுக்கப் பெட்டி இறங்கிய அந்த வரிசையை, சாப்பாட்டு வேளையில்தான் ரிப்பேர் வேலைக்காக மூடியிருந்தார்கள். வெல்டர் முருகேசன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து ஒரு கதவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேபினிலிருந்து பார்த்தால் அந்த இடுக்கு தெரியாது. இறங்கிய பெட்டி பக்கத்துப் பெட்டியை இடித்து நகர்த்தியதில் முருகேசனின் கால் நடுவே மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை.

அன்றைக்கே சேவியர் அண்ணனை சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டிலிருந்து சரியான வரிசைதான் அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கு எதிராக இன்னொன்றும் இருந்தது. பெட்டியைத் தூக்கும்போது கன்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில், "சேவியரு, எடம் பாத்துக்கினியா?" என்று கேட்டார்கள். அவர் "காப்பி" என்றார்.

இந்தக் காப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னது விளங்கியது என்று தெரிவிக்க வேண்டிய வார்த்தை அது. எங்கள் யார்டில் அதன் அர்த்தமே வேறு. எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "காப்பி" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்டால் வசவு விழும். கேட்கிறவரும் பழக்கத்தில் கேட்பார், சொல்கிறவரும் பழக்கத்தில் சொல்வார், வேலை ஓடிக்கொண்டிருக்கும். அன்று ஒருவர் கால் போனதும், எல்லோருக்கும் திடீரென்று அந்த வார்த்தைக்கு அகராதி அர்த்தம் ஞாபகம் வந்துவிட்டது.

சேவியர் அண்ணன் ஒரே பேச்சுதான் பேசினார். "டிவில இன்னா வரிசை போட்டுச்சோ அங்கதாம்மா வெச்சேன். என் புள்ள மேல சத்தியம்." கேபின் புரோகிராமைச் செய்து கொடுத்தது வெளியூர் கம்பெனி ஒன்று. அவர்கள், "எங்க சாஃப்ட்வேர்ல எந்த எர்ரரும் வரல" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

குமரகுரு சார் என்னைக் கூப்பிட்டார். "வாங்க பிரேமா, உக்காருங்க. அவங்க பார்சர் என்ன செய்யுதுன்னு பார்த்து, தமிழ்ல சொல்லுங்க."

அந்தப் புரோகிராமின் சோர்ஸ், அதாவது எழுதிய மூலம், எங்களிடம் இருந்தது. அந்த பார்சரிடம் கேட்க ஒரே ஒரு ஃபங்க்ஷன். "செய்தியைக் கொடு" என்று கேட்டால் செய்தியைக் கொடுக்கும். எப்போது கேட்டாலும் கொடுக்கும். நான் அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். "வர்ற எழுத்தை ஒரு இடத்துல வாங்கி வைக்குது சார். கொஞ்ச நேரம் பார்க்கும். அதுக்குள்ள வந்ததைப் பிரிச்சுக் கொடுத்துடும்."

"பாதிதான் வந்திருந்தா?"

"அப்பவும் கொடுத்துடும்."

"வராத பாதிக்கு என்னத்தைக் கொடுக்கும்?"

மறுபடி சோர்ஸைப் பார்த்தேன். வாங்கி வைக்கிற இடத்தை அது சுத்தம் செய்வதே இல்லை. முந்தின செய்தி அங்கேயே கிடக்கும். புதிய செய்தி பாதியில் அறுந்தால், முன்பாதி புதியது, பின்பாதி பழையது. ஓட்டலில் நமக்கு முன்னால் அதே மேஜையில் சாப்பிட்டவரின் சாம்பார் மிச்சத்திலேயே நமக்கு இட்லியை வைப்பது போல. பெட்டியின் எண் செய்தியின் ஆரம்பத்தில் வரும், வரிசை கடைசியில் வரும். அன்று பெட்டி எண் சரியாக வந்தது. வரிசை, முந்தின பெட்டியின் வரிசை.

மோடத்தின் ஆன்டெனாவைச் சுற்றி ஒரு தகரத் தட்டைப் பிடித்துப் பார்த்தேன். செய்தி அறுந்தது. ஸ்கிரீனில் பழைய வரிசை பளிச்சென்று வந்தது, எந்தச் சந்தேகமும் இல்லாமல். யார்டில் இரும்புப் பெட்டிகளை உயரமாக அடுக்கி ரேடியோவை மறைத்துவிட்டால் இதே கதைதான் நடக்கும். எர்ரர் வரவில்லை என்று அந்தக் கம்பெனி சொன்னது பொய்யில்லை. அந்த இன்டர்ஃபேஸில் எர்ரர் வருவதற்கு வழியே வைக்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று அந்த பார்சர் சொல்ல நினைத்தாலும் சொல்வதற்கு அதற்கு வாய் கிடையாது.

மாற்றி எழுதுவது என்று முடிவாயிற்று. அலமாரிக் கதவு முன்னால் நாங்கள் இருவரும் நின்ற அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அலுப்பும் ஒரு சந்தோஷமும் சேர்ந்து வருகிறது. முதலில், ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தைச் சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்தோம். எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தால்தானே குறைகிறதா என்று தெரியும். ஒவ்வொரு செய்திக்கும் இடத்தைத் துடைத்துவிட்டே வாங்க வேண்டும். வந்த எழுத்துகளை பார்சரிடம் கொடுத்ததும் அது மூன்றில் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். முழுதாக வந்துவிட்டது. இன்னும் வர வேண்டியிருக்கிறது. இது தப்பு, புரியவில்லை. முழுதாக வந்தது என்று அது சொன்னாலொழிய வரிசையையோ அடுக்கையோ யாரும் அதனிடமிருந்து எடுக்கவே முடியாது. நிவேதா, நீ கேட்ட மூன்று பதில் இதுதான்.

நடுவில் ஒரு சண்டை வந்தது. "இன்னும் வரவில்லை" என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? பார்சரே கடிகாரம் பார்த்து முடிவு செய்யட்டும் என்றேன் நான். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கிறவங்களுக்கு எதுக்குங்க கடிகாரம்? அவசரப்படுத்தினாதான் பாதியைப் படிச்சிட்டு முழுசுன்னு சொல்றாங்க. பொறுமை போச்சுன்னா, பார்சரைக் கூப்பிட்ட புரோகிராம் அறுத்துக்கிட்டுப் போகட்டும்." நான் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் சொன்னபடியே எழுதினேன். அவர் சொன்னதுதான் சரி.

தப்பாக வந்த செய்திக்கும், காத்திருந்து அறுத்துவிட்ட பாதிச் செய்திக்கும் கேபின் ஸ்கிரீனில் அந்த மூன்றாவது பதிலே வர வேண்டும், அதுவும் தமிழில்தான் வர வேண்டும் என்று சார் அடம் பிடித்தார். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. "புரியவில்லை. மறுபடி அனுப்பவும்" என்று கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துப் படமாக வரைந்தேன். வரையச் சிக்கலான அந்த "ழு" இல்லாத வாக்கியமாகக் கிடைத்ததே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

புதிய பார்சரைப் போட்ட அன்றே யார்டு பேஜாராகிவிட்டது. எந்தக் கேபினைப் பார்த்தாலும் புரியவில்லை, புரியவில்லை. இத்தனை நாளும் இத்தனை செய்திகள் அறுந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. அநேகமாக அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே வரிசைக்குப் போனதால் பழைய வரிசையே சரியாக அமைந்துவிட்டிருக்கிறது. இப்போது ஒவ்வொன்றையும் கேட்டிலிருந்து மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. வேலை மந்தமாகி, லாரிகள் எண்ணூர் சாலை வரைக்கும் நின்றன. டிரைவர்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று எங்கள் குடும்பத்தையெல்லாம் விசாரித்தார்கள்.

ஜெனரல் மேனேஜர் தானே இறங்கி எங்கள் அறைக்கு வந்தார். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வர இன்னும் சில நாட்கள் இருந்தன. அவர் வந்து கேபினில் இந்த எழுத்தைப் பார்த்தால்தான் சேவியர் அண்ணனுக்கு வழி பிறக்கும். அது எங்களுக்கும் தெரியும், ஜெனரல் மேனேஜருக்கும் தெரியும்.

"பிரேமா, ஒரு வரி மாத்தினா போதும்ல? அந்த மெசேஜ் வராம பண்ணிடு."

ஒரு வரிதான், உண்மை. நான் சாரைப் பார்த்தேன். அப்போது என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். மாற்று என்று சார் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன்.

"செஞ்சுடலாங்க சார்" என்றார் குமரகுரு சார். "உக்காருங்க. அது என்ன செய்யணும்னு தமிழ்ல ஒரு தடவை சொல்லிடுங்க. பிரேமா எழுதிடுவாங்க. இங்க அப்படித்தான் வழக்கம்."

"என்ன செய்யணும்... புரியாத மெசேஜ் வந்தா..."

"வந்தா?"

"முன்னாடி மாதிரியே போகட்டும்யா."

"முன்னாடி என்னங்க செஞ்சுச்சு? அதையும் சொல்லிடுங்க. புரோகிராம்லயே குறிப்பா உங்க பேரோட போட்டுக்குவாங்க."

ஜெனரல் மேனேஜர் முகம் சிவந்து எழுந்தார். "வெளியில லாரி நிக்குது குமரகுரு. உங்க தமிழ் வகுப்பை அப்புறம் வச்சுக்கலாம். விசாரணை முடியட்டும், பேசிக்கிறேன்" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். சார் தண்ணீர் குடித்தார்.

விசாரணை அதிகாரி வந்தார். கேபினுக்கே ஏறிப் பார்த்தார். புதிய பார்சர் இருக்கும்போது, அந்த வரிசைக்குப் பக்கத்தில் கிரேன் போனதும் செய்தி அறுந்து, புரியவில்லை என்று வந்தது. பழையதைப் போட்டுக் காட்டினோம், அதே இடத்தில் முந்தின பெட்டியின் வரிசை வந்தது. இறங்கி வந்து சேவியர் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டார். "சரியா பார்க்காம ஏன் காப்பின்னு சொன்னீங்க?"

"பாத்தேன் சார். டிவில போட்டுகினு இருந்தத பாத்துட்டுதான் சொன்னேன். டவுட்டா இருந்தாலும் காப்பின்னுதான் சார் சொல்லணும். ரெண்டாவது வாட்டி கேட்டா, காது இன்னா அவிஞ்சு பூட்ச்சான்னு கேப்பாங்க."

அந்த மாதங்கள் முழுக்க அண்ணன் முருகேசனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் பிறகு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. விசாரணைக்கு முருகேசனே வந்து சொன்னார்.

வேலை திரும்பக் கிடைத்தது. உத்தரவு ஆங்கிலத்தில் இருந்ததால் அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார். "இன்னா போட்டுக்கீதுன்னு படிம்மா." படித்துச் சொன்னேன். மென்பொருள் மேம்படுத்தப்பட்டது என்று ஒரு வரி. ஆபரேட்டர் தன் கவனக்குறைவை உணர்ந்து இனி எச்சரிக்கையோடு நடந்துகொள்வார் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே, படித்துப் புரிந்துகொண்டு ஏற்கிறேன் என்று அச்சடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு.

"கவனக்குறைவுன்னா, என் தப்புன்னுதான அர்த்தம்?"

"ஆமாண்ணா."

"மெஷினு மேல ஒண்ணும் இல்லியா?"

"மேம்படுத்திட்டாங்கன்னு இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. "கையெழுத்துப் போடாதீங்கண்ணா. எனக்கு இது புரியலைன்னு எழுதிக் கொடுங்க. குமரகுரு சார் பேசுவாரு. நானும் வரேன்" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். "மா, உன் மெஷினு புரிலன்னு சொன்னா இன்னா பண்ணுவாங்கோ? மறுபடி சொல்லுவாங்கோ. நான் சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ." சொல்லிக்கொண்டே கோட்டின் மேல் கையெழுத்தைப் போட்டார். நன்றாகத் தேறிய கையெழுத்து, அவசரமே இல்லாமல் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாக அவர் ஏணியில் ஏறுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் லாரி உள்ளே வந்தது. கேட்டிலிருந்து செய்தி போனது, பாதியில் அறுந்தது. அண்ணன் கேபினிலிருந்து பதில் என் ஸ்கிரீனுக்கும் வந்தது, புரியவில்லை, மறுபடி அனுப்பவும் என்று. கேட்டில் இருந்தவர் மறுபடி அனுப்பினார். யாரும் திட்டவில்லை.